அறுபட்ட வலையும் அகப்பட்ட உயிரும்

வாடைக்காற்று வீசும் மாதங்களில் வங்கக் கடலிலிருந்து புறப்பட்டு, இலங்கையின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு மேற்கே பாயும் சமுத்திர நீரோட்டமானது, மாலத்தீவுகளின் பவளத் திட்டுகளை அடையும்போது, யாரோ எங்கோ இழந்த அல்லது எறிந்த மீன்வலைகளையும், அவ்வலைகளின் கண்ணிகளிலே கழுத்தும் துடுப்பும் சிக்குண்டு குற்றுயிராய் மிதந்துவரும் ஆமைகளையும் தன்னோடு சேர்த்தே கொண்டுவந்து ஒதுக்குகிறது. மாலத்தீவு மக்களோ, தூண்டிற்கோலாலும் கைத்தூண்டிலாலும் ஒவ்வொரு சூரையாகப் பிடித்தெடுக்கும் தொன்மையான முறையை இன்றளவும் போற்றி வருபவர்கள். தூண்டிலுக்கு வேண்டிய சிறு இரைமீன்களைப் பிடிப்பதற்கன்றி வேறெதற்கும் அவர்கள் பெரும்பாலும் வலையைத் தொடுவதில்லை. ஆகவே அத்தீவுகளின் கரையிலே ஒதுங்கும் பெருவலைகள் அந்நாட்டுப் படகுகளிலிருந்து விழுந்தவையல்ல என்பதும், அயலார் செய்த பிழையின் பாரத்தை அந்தச் சிறிய தேசம் சுமக்கிறது என்பதும் வெளிப்படை.

அங்கே வலையில் அகப்படும் ஆமைகளுள் மிகப் பெரும்பாலானவை பங்குனி ஆமைகள். மாலத்தீவின் கடற்புல்லிலும் பவளப் பாறைகளிலும் மேய்ந்து அங்கேயே குடியிருப்பவை பேராமையும் அழுங்காமையுமேயன்றிப் பங்குனி ஆமையன்று. அத்தீவுகளின் மணலில் அது முட்டையிடுவதும் வெகு அபூர்வம். அப்படியிருக்க இவை எங்கிருந்து வந்தன என்று அறிய விரும்பிய விஞ்ஞானிகள், அகப்பட்ட ஆமைகளின் மரபணுவைப் பரிசோதித்து, அவற்றுள் பெரும்பாலானவை இலங்கையிலும் இந்தியாவின் கிழக்குக் கரையிலும் முட்டையிடும் கூட்டங்களைச் சேர்ந்தவை என்று நிர்ணயித்திருக்கிறார்கள். நம் கரைகளின் மணலிலே பொரிந்து, அலையைத் தேடித் தவழ்ந்துபோன குஞ்சுகளே, வளர்ந்து பெரியவையான பின் அங்கே கால் இழந்து கிடக்கின்றன என்பதை எண்ணிப் பார்க்கும்போது, இது அயல்நாட்டுச் செய்தியாக நமக்குத் தோன்றமாட்டாது.

இவ்வாறு சிக்கிய ஜீவன்களை விடுவிப்பதையே தொழிலாகவும் தொண்டாகவும் மேற்கொண்டவர்கள் இன்று உலகின் பல கரைகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய அனுபவத்தைத் தொகுத்துப் பார்க்குமிடத்து இரண்டு உண்மைகள் புலனாகின்றன. கத்தியெடுத்து வலையை அறுக்கும் செயல், ஓர் உயிரைக் காப்பாற்றுவதோடு முடிந்துபோவதன்று. அறுத்தெடுத்த ஒவ்வொரு வலைத்துண்டும் தவறு எங்கே நிகழ்கிறது என்று எடுத்துரைக்கும் சாட்சியாகிறது என்பது ஒன்று. கடலிலே முதல் மீட்பாளனாக நிற்கக் கூடியவன் மீனவனேயன்றி வேறொருவனல்லன் என்பது மற்றொன்று.

மட்காத நூல்

பருத்தி நூலிலும் சணலிலும் வலை பின்னிய காலத்தில், மீனவன் கரை திரும்பியதும் வலையை உலர்த்துவதும், மரப்பட்டைச் சாற்றிலே தோய்த்து நூலுக்கு உரமேற்றுவதும், கிழிந்த கண்ணிகளை மனைவி மக்களோடு அமர்ந்து பொத்துவதும் அன்றாடக் கடமைகளாக இருந்தன. அத்தகைய வலையொன்று கடலிலே தவறிப் போனாலும், சிறிது காலத்தில் அது இற்று நைந்து நீரோடு நீராகக் கலந்துவிடும். 1935-இல் அமெரிக்க ரசாயன நிபுணர் வாலஸ் கரோதர்ஸ் நைலான் இழையைக் கண்டுபிடித்த பின்னர், இரண்டாம் உலக யுத்தத்தை அடுத்து வந்த ஆண்டுகளில் வலைத் தொழில் அடியோடு மாறிற்று. நைலான் வலை இலேசானது. உலர்த்தாமற் போனாலும் அழுகாதது. நீரிலே கண்ணுக்குத் தெரியாதது. மீன்பாட்டைப் பெருக்கித் தந்தது. நம் நெய்தல் நிலத்து மக்கள் தங்கூசி வலை என்று வழங்கும் ஒற்றை இழை வலை, ஏழை மீனவனுடைய உழைப்பைக் குறைத்த ஒரு வரப்பிரசாதமாகவே வந்தது என்பதை மறுக்கலாகாது. ஆனால் எந்தக் குணத்தினால் அது மீனவனுக்கு நன்மை செய்ததோ, அந்தக் குணத்தினாலேயே கடலுக்குத் தீமையாயிற்று. மட்காத நூலாதலின், உடையவன் கையை விட்டுப் போன பிறகும் அது தன் தொழிலை நிறுத்துவதில்லை.

கைவிடப்பட்ட வலை கொல்லும் விதம் கொடியது. முதலில் அதிலே மீன்கள் மாட்டுகின்றன. மாட்டிய மீன்களை உண்ண வந்த சுறாவும் நண்டும் தாமும் மாட்டுகின்றன. பிணங்களின் பாரத்தினால் வலை அடித்தளத்துக்குத் தாழ்கிறது. அப்பிணங்கள் அழுகிக் கழிந்ததும், மிதவைகள் எஞ்சியிருந்தால் அது மறுபடியும் மேலெழும்பித் தன் வேட்டையைத் தொடர்கிறது. உடையவன் இன்றியே வேட்டையாடும் இதற்குப் பேய்வலை என்று பெயரிட்டிருக்கிறார்கள். திறந்த சமுத்திரத்தில் மிதக்கும் வலைக்கோ வேறொரு வசீகரமும் உண்டு. நிழலும் ஒதுங்கிடமும் இல்லாத அந்த நீர்ப்பரப்பில், வலைக்கற்றையின் அடியிலே குஞ்சுமீன்கள் தங்குகின்றன. அதன்மேல் கொட்டலசும் பாசியும் படர்கின்றன. இரை தேடியும் இளைப்பாற வேண்டியும் அங்கே வரும் ஆமை, ஒரு துடுப்பு சிக்கியதும் அதை விடுவிக்கச் சுழல்கிறது. சுழலச் சுழலக் கட்டு இறுகுகிறது.

ஏழு நாடுகளின் மீனவர்களை நேரிலே விசாரித்து ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் பயன்படும் மீன்பிடிச் சாதனங்களில் ஏறத்தாழ 2 சதவீதம் ஆண்டுதோறும் கடலிலே தொலைந்துபோகிறது. செவுள் வலைகள் மட்டும் சுமார் 3,000 சதுர கிலோமீட்டர். ஆயிரங்கால் தூண்டில்களின் தலைக்கயிறு 7 லட்சத்து 39 ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல், அதாவது பூமியைப் பதினெட்டு முறை சுற்றிவரப் போதுமான நீளம். நண்டுக்கும் இறாலுக்கும் வைக்கும் கூடுகள் 2½ கோடி.

இத்தனை சாதனங்களையும் மீனவர்கள் வேண்டுமென்றே எறிகிறார்கள் என்று நினைப்பது பெரும் அநியாயமாகும். புயல் அடித்துச் செல்வதுண்டு. பாரிலே மாட்டிக் கிழிவதுண்டு. நங்கூரமிட்ட செவுள் வலையின்மீது இழுவைப்படகு ஓடி அறுத்துச் செல்வதுண்டு. கள்ளத்தனமாய் மீன்பிடிப்போர் அகப்படும் தறுவாயில் வலையைக் கடலிலே தள்ளிவிட்டு ஓடுவதும் உண்டு. பழைய வலையைக் கரையிலே ஒப்படைக்க இடமின்மையும், ஒப்படைப்பதால் காசு கிடைக்காமையும் சேர்ந்து, கடலையே குப்பைமேடாக்கும் பழக்கத்துக்கு வழிசெய்கின்றன. கப்பல்களும் படகுகளும் செயற்கை இழை வலை உட்பட எந்தப் பிளாஸ்டிக்கையும் கடலில் எறியலாகாது என்னும் சர்வதேச விதி 1988 டிசம்பர் 31 முதல் அமலில் இருக்கிறது. விதி இருந்தும் வலை மிதக்கிறதென்றால், துறைமுகத்திலே அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இல்லை என்பதே அதற்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று.

ஆமைகளுக்கு ஓர் ஆஸ்பத்திரி

மாலத்தீவில் கடல் உயிரியல் அறிஞராகப் பணிபுரிந்துவந்த மார்ட்டின் ஸ்டெல்ஃபாக்ஸ் என்னும் ஆங்கிலேயர், வலையில் சிக்கிய ஆமைகள் தொடர்ந்து கரையொதுங்குவதைக் கண்டு மனம் நொந்து, 2013-இல் பங்குனி ஆமையின் ஆங்கிலப் பெயரையே தாங்கிய ‘ஆலிவ் ரிட்லி திட்டம்’ என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். அவ்வமைப்பு 2017-இல் பா பவளத் தீவுக்கூட்டத்திலுள்ள துனிகொளு என்னும் சிறு தீவிலே ஆமைகளுக்கென ஓர் ஆஸ்பத்திரியைத் திறந்து, நிரந்தரமாகக் கால்நடை வைத்தியர் ஒருவரையும் நியமித்தது.

அங்கே வந்துசேரும் ஆமைகளின் நிலையை விவரிக்கவும் மனம் கூசும். முன்துடுப்பைச் சுற்றி இறுகிய நூல், தோலையும் தசையையும் கடந்து எலும்புவரை இறங்கியிருக்கும். இரத்த ஓட்டம் நின்றதனால் அவயவம் கறுத்து அழுகியிருக்கும். பல நாள், பல வாரம் இரையின்றி மிதந்ததனால் உடல் வற்றி, ஓட்டின்மேல் பாசி படர்ந்திருக்கும். முதலில் உடலுக்கு நீர்ச்சத்து ஏற்றப்படுகிறது. புண் கழுவிக் கட்டப்படுகிறது. கிருமிகளைக் கொல்லும் மருந்து செலுத்தப்படுகிறது. துடுப்பைக் காப்பாற்ற இயலாதென்று கண்டால் அதை அறுத்து நீக்கும் சஸ்திர சிகிச்சை நடைபெறுகிறது. ஒரு துடுப்பை இழந்த ஆமை, நீந்தவும் முங்கவும் இரை தேடவும் மீண்டும் பழகிக்கொண்டு கடலிலே பிழைத்திருக்க வல்லது என்பது வைத்தியர்களுக்கு நம்பிக்கையூட்டும் அனுபவம். முன்துடுப்பு இரண்டையும் இழந்ததற்கோ பெரும்பாலும் கடல்வாழ்வு முடிந்துவிடுகிறது.

வெளியே காயம் அதிகமில்லாத ஆமைக்கும் வேறொரு வியாதி உண்டாகிறது. வலையோடு போராடுகையில் நுரையீரல் கிழிந்து, காற்று உடலின் உட்குழிக்குள் கசிந்து தங்கிவிடுகிறது. அப்போது ஆமை நீரின் மேல்மட்டத்திலேயே மிதக்குமேயன்றி முங்கமாட்டாது. முங்க இயலாத ஆமை இரை தேடாது, வெயிலுக்குத் தப்பாது, சுறாவுக்கும் படகின் விசிறிக்கும் எளிதில் பலியாகும். வைத்தியர்கள் ஊசியால் அந்தக் காற்றை வெளியேற்றியும், உடலின் ஒருபுறம் மேலெழும்பாதபடி ஓட்டிலே சிறு பாரங்களை ஒட்டியும், மாதக்கணக்கில் பொறுமையோடு அதை ஆழத்துக்குப் பழக்குகிறார்கள். சிக்கிய ஆமையைக் கண்டவுடன் கட்டை அறுத்துக் கடலிலேயே விட்டுவிடுவது எப்போதும் புண்ணியமாகாது என்பதை இந்த ஆஸ்பத்திரியின் அனுபவம் உலகுக்குக் கற்பித்திருக்கிறது.

இன்னொரு வேலையையும் அவர்கள் ஓயாது செய்துவருகிறார்கள். அகப்பட்ட ஒவ்வொரு வலையின் கண்ணியளவு, நூலின் பருமன், முறுக்கு, நிறம், மிதவையின் வகை ஆகிய யாவற்றையும் குறித்துவைத்து, நீரோட்டங்களின் போக்கோடு ஒப்பிட்டு, அவ்வலை எத்தகைய மீன்பிடிப்பைச் சேர்ந்தது, எத்திசையிலிருந்து வந்தது என்று ஆராய்கிறார்கள். வலை எந்தத் தொழிலினின்றும் வருகிறதென்று தெரிந்தாலன்றி, எந்தத் துறைமுகத்திலே, எந்த மீனவரிடத்திலே சென்று பேச வேண்டுமென்பது தெரியாது.

கொல்லக் கற்ற கையே காத்த கதை

ஆமையைத் தூக்கிப் படகிலே போட்டுக்கொள்ளலாம். திமிங்கிலத்தை என்ன செய்வது? முப்பது டன் எடையுள்ள ஒரு ஜீவன், வலியாலும் அச்சத்தாலும் மிரண்டு, நூற்றுக்கணக்கான அடி நீளக் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடும்போது, அதன் அருகே சிறு படகிலே சென்று கயிற்றை அறுப்பது மனித சக்திக்கு உட்பட்ட காரியம்தானா என்று வெகுகாலம் யாவரும் மலைத்தே நின்றார்கள். அதற்கு விடை கண்டவர்கள் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்திலுள்ள பிராவின்ஸ்டவுன் என்னும் கடற்கரை ஊரின் ஆராய்ச்சியாளர்கள்.

1984-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், ஐபிஸ் என்று அவர்கள் பெயரிட்டிருந்த இளம் கூன்முதுகுத் திமிங்கிலம் ஒன்று செவுள் வலையிலே சிக்கி அலைந்தது. அவ்வூர்க் கடற்கரை ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் மேயோவும் டேவிட் மட்டிலாவும், பண்டைத் திமிங்கில வேட்டைக்காரர்களின் உபாயமொன்றைக் கைக்கொண்டார்கள். ஈட்டி எறிந்த திமிங்கிலத்தின் கயிற்றிலே மரப்பீப்பாய்களைக் கட்டி, அது முங்க முடியாமலும் ஓட முடியாமலும் களைத்துப்போகச் செய்வது அவ்வேட்டைக்காரர்களின் வழக்கம். இவர்களோ, திமிங்கிலம் இழுத்துச் சென்ற வலையிலேயே கொக்கியை மாட்டி, பெரிய மிதவைகளைப் பிணைத்து, அது ஓய்ந்து நீர்மட்டத்தில் நின்றபோது அருகே சென்று கட்டுகளை அறுத்தெறிந்தார்கள். அமெரிக்கர்கள் நன்றி நவிலும் திருநாளாகக் கொண்டாடும் நவம்பர் மாத வியாழக்கிழமையன்று ஐபிஸ் விடுதலை பெற்றது. பின்னாட்களில் கன்றோடும் காணப்பட்டது. ஓர் இனத்தையே அழிவின் விளிம்புக்குத் தள்ளிய கொலைக்கருவி, சிந்தை மாறியதனால் உயிர் காக்கும் கருவியான இந்நிகழ்ச்சி, மனித சரித்திரத்தில் போற்றத்தக்கது.

அன்று தொடங்கிய முறை இன்று ஒரு சாஸ்திரமாகவே வளர்ந்திருக்கிறது. நீண்ட கழியின் நுனியில் உட்புறம் மட்டும் கூர்மையுள்ள கொக்கிக் கத்தியைப் பொருத்தியிருக்கிறார்கள். அது கயிற்றை அறுக்குமேயன்றித் தோலைக் கீறாது. பொழுது சாய்ந்துவிட்டால், திமிங்கிலம் இழுத்துச் செல்லும் கயிற்றிலே செயற்கைக்கோளோடு தொடர்புள்ள மிதவையைப் பிணைத்துவிட்டு, மறுநாள் அதன் இருப்பிடத்தை அறிந்து சென்று பணியைத் தொடர்கிறார்கள். எக்காரணம் கொண்டும் மீட்பவர் நீரில் இறங்கலாகாது என்பது முதல் விதி. 2003-இல் நியூசிலாந்தின் கைக்கோரா அருகே திமிங்கிலத்தை விடுவிக்க நீரில் இறங்கிய ஒருவர் அதன் வாலடியால் மாண்டார் என்பது அவ்விதியின் அவசியத்தைச் சொல்லும். சர்வதேசத் திமிங்கில ஆணையம் இம்முறையைப் பல நாடுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கற்பித்திருக்கிறது.

எச்சரிக்கை யாவும் கைக்கொண்ட பின்னரும் ஆபத்து நீங்குவதில்லை. கனடாவின் கேம்போபெல்லோ தீவைச் சேர்ந்த ஜோ ஹௌலெட், சிங்கி இறால் பிடிக்கும் மீனவர். கயிற்றின் முடிச்சையும் இழுவையையும் பிறவியிலேயே அறிந்தவர். அத்தீவின் திமிங்கில மீட்புக் குழுவைத் தொடங்கியவர்களுள் ஒருவர். 2017 ஜூலை 10 அன்று செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவில், வட அட்லாண்டிக் வலத் திமிங்கிலம் ஒன்றின் கடைசிக் கயிற்றை அவர் அறுத்த மறுகணம், விடுபட்ட அத்திமிங்கிலத்தின் உடல் மோதி உயிர் துறந்தார். அவ்வினத்தில் இன்று உலகெங்கும் எஞ்சியிருப்பவை ஏறக்குறைய 380; அவற்றுள் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை ஒருமுறையேனும் கயிற்றில் சிக்கிய தழும்பைச் சுமக்கின்றன. இந்நிலையில், எத்தனை வீரர்கள் எத்தனை கத்திகளோடு சென்றாலும் மீட்பினால் மட்டும் அவ்வினம் பிழைக்காது என்பதை மீட்பவர்களே முதலில் சொல்லுகிறார்கள். அவர்கள் வெட்டியெடுத்த கயிறுகளைப் பரிசோதித்ததிலிருந்தே, எந்த வகைக் கயிறு மிகுதியாகக் கொல்கிறது என்பது தெரியவந்தது. அந்த அறிவின் பயனாகவே, திமிங்கிலத்தின் இழுப்பிலே தானே அறுந்துபோகும் பலம் குறைந்த கயிறும், நீரில் நிரந்தரமாய்த் தொங்கும் கயிறின்றியே கூடுகளை மேலெழுப்பும் கருவிகளும் இன்று பழக்கத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன.

ஆப்பிரிக்காவின் நமீபியாவில் வால்விஸ் வளைகுடாவின் மணற்திட்டில் நடக்கும் மீட்போ முற்றிலும் வேறு விதமானது. விளையாட்டுப் புத்தியுள்ள கடல்நாய்க் குட்டிகள், மிதந்துவரும் தூண்டில் நூலுக்குள்ளும் வலைத்துண்டுக்குள்ளும் தலையை நுழைக்கின்றன. குட்டி வளர்கிறது, வளையம் வளர்வதில்லை. ‘ஓஷன் கன்சர்வேஷன் நமீபியா’ என்னும் அமைப்பின் தொண்டர்கள், ஆயிரக்கணக்கில் கூடிப் படுத்திருக்கும் கடல்நாய்களினிடையே ஓடிச்சென்று, சிக்கியதைக் கைவலையால் மடக்கி, ஒருவர் கழுத்தைப் பிடிக்க மற்றவர் கட்டை அறுத்து, சில நிமிஷங்களிலேயே விட்டுவிடுகிறார்கள். மயக்க மருந்தும் இல்லை, மருத்துவமனையும் இல்லை; வேகமே அங்கே வைத்தியம்.

பிறந்தகம் வந்த பெண்

இனி நம் தேசத்துக்கு வருவோம். குஜராத்தின் சௌராஷ்டிரக் கரையிலே, மீன்களுக்குள் மிகப் பெரியதான திமிங்கிலச் சுறாவை ஒரு காலத்தில் அதன் ஈரல் எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் நூற்றுக்கணக்கில் கொன்றுவந்தார்கள். மைக் பாண்டே எடுத்த ஆவணப்படம் அக்கொலையை உலகறியச் செய்தது. 2001-இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் அது சேர்க்கப்பட்டது. சட்டம் வந்தும் மீனவர் மனம் மாறவேண்டுமே என்று கவலையுற்ற இந்திய வனவுயிர் அறக்கட்டளையினர், 2004-இல் ராமகதை சொல்லும் மொராரி பாபுவை அணுகினார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகளைப் போல நம் கரைக்கு வருகிற இந்த ஜீவனை நாம் கொல்லலாமா என்ற கருத்தை அவர் ஜனங்களின் முன்வைத்தபோது, எந்தத் தண்டனைப் பிரிவும் செய்யாததை அது செய்தது. அன்று முதல், வலையிலே திமிங்கிலச் சுறா அகப்பட்டால் சொந்த வலையை அறுத்து அதை விடுவிப்பது அம்மீனவர்களின் வழக்கமாயிற்று; தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட திமிங்கிலச் சுறாக்கள் இவ்வாறு உயிர் பிழைத்திருக்கின்றன.

இதில் ஊன்றிக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. மனமாற்றத்தோடு நிறுத்திவிடாமல், அறுபட்ட வலைக்கு 25,000 ரூபாய் வரை நஷ்டஈடு வழங்கவும் குஜராத் அரசு முன்வந்தது. விடுவித்ததைப் படமெடுத்துக் காட்டினாலே போதுமென்று, மீனவர்களிடம் நீர்புகாத காமிராக்களும் கொடுக்கப்பட்டன. மகாராஷ்டிர அரசும் 2018-இல், பாதுகாக்கப்பட்ட எந்தக் கடலுயிரை விடுவிக்க வலையை அறுத்தாலும் ஈட்டுத்தொகை தரும் திட்டத்தை ஏற்படுத்திற்று. கடன் வாங்கி வலை வாங்கிய மீனவனிடம் கருணையை மட்டும் உபதேசிப்பது எளிது. அவனுடைய கருணையின் விலையில் நாமும் பங்கேற்பதே நியாயம்.

நமது கரையின் கடமை

தமிழ்நாட்டின் கரையிலும் இத்தகைய நல்ல உள்ளங்களுக்குக் குறைவில்லை. பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர்ப் பரப்பை 2022 செப்டம்பரில் இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. ஆவுளியா என்று நம் மீனவர் அழைக்கும் அந்தச் சாதுவான பிராணி, தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கரைகளில் வலைக்குள் அகப்பட்டபோது, அதை விடுவித்துக் கடலுக்கே அனுப்பிய மீனவர்களுக்கு வனத்துறை பரிசளித்துப் பாராட்டியிருக்கிறது. சென்னையிலே 1988 முதல் மாணவர்களே நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் இளைஞர்கள், தை முதல் பங்குனி வரை இரவெல்லாம் கடற்கரையில் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் குஞ்சுகளைக் கடலில் சேர்க்கிறார்கள்.

இவ்வளவு பிரயாசையையும் வீணாக்குவதுபோல, 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னையை ஒட்டிய கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. அவற்றைக் கொன்றது கைவிட்ட வலையன்று. கரைக்கு அருகே இழுக்கப்பட்ட மடிகளில் மூச்சுமுட்டி அவை மாண்டன என்பதே ஆராய்ந்தவர்கள் கொண்ட முடிவு. ஆயினும் உயிரோடிருக்கும் வலையும் பேய்வலையும் ஒரே தொழிலின் இரு முனைகள் என்பதை மறக்கலாகாது. பாக்கு நீரிணையில் இழுவைப்படகுகள் ஓடிச் சிறு மீனவரின் வலைகளை அறுத்துச் செல்வதும், அவ்வாறு அறுபட்டவை கடலோடு போவதும், இரு கரைத் தமிழரும் கண்ணீரோடு அறிந்த செய்தி. வலையை இழந்த வட இலங்கை மீனவனின் வீட்டிலே அடுப்பு எரியவில்லை. அவன் இழந்த வலையோ கடலிலே ஓயாமல் வேட்டையாடிக்கொண்டிருக்கிறது. கடலுயிரைக் காப்பதும் எளிய மீனவனைக் காப்பதும் வெவ்வேறு தர்மங்களல்ல.

செய்யத்தக்கவை யாவை? ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை ஸ்தாபனம் 2018-இல் வகுத்த வழிமுறைகளின்படி, ஒவ்வொரு வலைக்கும் உடையவரை அறிவிக்கும் அடையாளம் இடலாம். தண்டிப்பதற்காக மட்டுமின்றி, இழந்தவர்க்கு வலையைத் திருப்பிக் கொடுப்பதற்கும் அது உதவும். பிலிப்பைன்ஸ் தேசத்தில் 2012 முதல், கடலோரக் கிராமத்தார் பழைய நைலான் வலைகளைச் சேகரித்து விற்க, அவை புது நூலாகித் தரைவிரிப்புகளாக மாறுகின்றன. கேரளத்தின் நீண்டகரைத் துறைமுகத்தில் 2017 முதல், மீனவர்கள் மடியிலே ஏறிய பிளாஸ்டிக்கைக் கடலில் திரும்பக் கொட்டாமல் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். அது அரைபட்டுச் சாலை போடப் பயன்படுகிறது. சென்னைக் காசிமேட்டிலும் பழைய வலைகளைச் சேகரிக்கும் நிலையமொன்றைத் தமிழக அரசு தொடங்கியிருப்பது போற்றத்தக்க ஆரம்பம். ஆனால் காசிமேடு ஒன்றே தமிழகக் கரையன்று. பழவேற்காடு முதல் நீரோடி வரை ஆயிரம் கிலோமீட்டருக்கு நீண்ட இக்கரையின் ஒவ்வொரு மீன்பிடித் துறையிலும், கிழிந்த வலைக்கு நியாயமான விலை கொடுக்கும் இடம் ஒன்று அமையவேண்டும். காசு கிடைக்கும் பொருளை எந்த மீனவனும் கடலில் எறியமாட்டான்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. கடற்கரையில் வலையோடு ஒதுங்கிய ஆமையைக் கண்டால், இழுத்துப் பிடுங்கவேண்டாம். உடனே கடலில் தள்ளவும் வேண்டாம். சதையிலே புதைந்த நூலை வைத்தியரே எடுக்கட்டும். நீங்கள் மிதவையும் பாரமும் உள்ள வலைப்பகுதியை மட்டும் அறுத்து நீக்கி, ஆமையை நிழலுக்கு மாற்றி, கண்ணும் மூக்கும் மூடாதபடி ஈரத்துணியைப் போர்த்தி, வனத்துறையினருக்குத் தகவல் கொடுங்கள். அறுத்த வலையை மணலிலே விட்டுவராதீர்கள். அடுத்த அலை அதை மறுபடியும் வேட்டைக்கு அழைத்துச் செல்லும்.

ஓர் உயிரை விடுவிக்கச் சொந்த வலையை அறுத்த மீனவன், தன் குடும்பத்தின் ஒரு மாத உணவைக் கடலுக்குக் காணிக்கையாக்கியவன். அந்த நஷ்டத்தை அவன் ஒருவன் தலையிலே சுமத்திவிட்டு, கடல் வளத்தின் பயனை நாம் எல்லோரும் அனுபவிப்பது தர்மமாகாது. அறுபட்ட வலைக்கு ஈடும், கிழிந்த வலைக்கு விலையும் எல்லாக் கடலோர மாநிலங்களிலும் நிலைத்த சட்டமாகவேண்டும்; அதைக் கேட்டுப் பெறுவது, மீன் உண்போரும் உண்ணாதோருமாகிய நம் அனைவரின் பொறுப்பு.